மைல்கல்லை முந்திய மீற்றர்

கோயில் வாசற்படியில் கற்பூரம் எரிகிறது. அதற்கு ஒரு சாண் மேலே என் கணவரின் வலக்கை நிற்கிறது. கோயில் கிணற்றடியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர். தண்ணீர் சொட்டி அவருடைய காலடி மண் கறுத்துப்போயிருக்கிறது. நான் தேர் நிற்கிற தேர்முட்டிக்குப் பின்னால், ஏழு மாத வயிற்றோடு, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆண்கள் கூடி நிற்கிற இடத்தில் நான் சத்தமாக வாய் திறந்தது ஆயுளில் ஒரேயொரு தரம்தான் என்று போன கிழமை என் ஞாபகங்களை எழுதும்போது ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதின பிறகு மனம் அதிலேயே போய்ப் போய் நின்றது. அந்த நாள் இதுதான்.

நேரே அதைச் சொல்ல எனக்கு ஏலாது. கார்ச் சில்லில், காரின் சக்கரத்தில் இருந்து தொடங்கவேண்டும். சொல்லி முடித்தாலும் எனக்கு முழுக்க விளங்குமா என்று தெரியவில்லை.

குந்தியிருந்த கார்

என் கணவர் திருகோணமலை ரவுணில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். துறைமுகத்தில் வெள்ளைக்காரர் இருந்த நாளில் ஒரு துரை வைத்திருந்த ஏ-40 கார் (நாங்கள் சொல்வது ஏ போட்டி), கைமாறிக் கைமாறி இவரிடம் வந்தது. கறுப்பு நிறம். கதவைத் திறந்தால் காய்ந்த தோல் மணமும் சுருட்டு மணமும் ஆஸ்பத்திரி மருந்து மணமும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தக் காரால்தான்.

நான் சொல்கிற காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, சேலைத் துணிக்கு வரிசை. டயருக்கு மட்டும் வரிசை இல்லை. டயரே இல்லை என்றால் எதற்கு வரிசை? அந்தக் காருக்கு உயரமான ஒல்லிச் சில்லுகள். அந்த அளவில் டயர் எங்கு கேட்டாலும் கையை விரித்தார்கள். பின்னால் இருந்த இரண்டும் தேய்ந்து தேய்ந்து உள்ளே இருந்த நூல் வெளியில் தெரிந்தது. உள்ளுக்குப் பழைய டயர்த் துண்டுகளை வைத்து ஓடிக்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் தெருவில் எங்கே பட்டாசுச் சத்தம் கேட்டாலும் நான் குசினியில் இருந்து எழும்பி வாசலுக்கு வந்துவிடுவேன்.

அந்த நேரம்தான் கிண்ணியா ஹனிபா நானாவின் ஞாபகம் இவருக்கு வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் பழைய இரும்பு வியாபாரம். அவரிடம் போவதென்றால் பாதை ஏறவேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை. நானும் போயிருந்தேன். நானாவின் பெண்சாதி எனக்குப் புளிப்பு மாங்காய் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நானாவின் வளவில், வாழைகளுக்கு நடுவே, ஒரு சின்ன வான் கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்தது. இனி ஓடாது. ஆனால் அதன் சில்லுகளில் இரண்டுக்கு டயர் புதிதுபோல இருந்தது.

"அளவு சின்னன் நானா" என்றார் இவர்.

"சின்னன்தான். அதுல டயர் இருக்கு. உங்கட கார்ல பெரிய சில்லு இருக்கு, டயர் இல்ல. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

இவர் தலையைச் சொறிந்தார்.

"நாலு இருந்தாலும் பரவாயில்ல நானா. ரெண்டைப் போட்டா காரைப் பார்க்க எப்பிடி இருக்கும்?"

"காரைப் பார்க்கவா ஆள் ஏறுது? போய்ச் சேரத்தானே ஏறுது!"

காசுக் கதை வரவில்லை. தோப்பூரில் நானாவின் மச்சானுக்குக் கலியாணம். பெண்களை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவர இவர் கார் ஓடிக் கொடுப்பது என்று பேச்சானது. சில்லின் நடுவில் இருந்த ஓட்டைகள் எங்கள் காருக்குப் பொருந்தவில்லை. பகல் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி அரத்தால் அராவினார்கள். நானும் நானாவின் பெண்சாதியும் மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுத் தின்றபடி, பல் கூசுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பூட்டி இறக்கியபோது கார் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. நாய் குந்தியிருப்பது போல.

அடுத்த நாள் கார்கள் நிற்கும் இடத்தில் மற்ற டிரைவர்மார் இவரைச் சும்மா விடவில்லை.

"இதென்ன மச்சான், உன்ர கார் குந்திப்போட்டுது! ஆராவது ஒரு செம்பு தண்ணி குடுங்கோவன்!"

இருட்டினால் இன்னும் மோசம். லைட்டைப் போட்டால் வெளிச்சம் றோட்டில் விழாது, பனை வட்டில், உச்சியில் போய் விழும். "வௌவாலுக்கு வழி காட்டிறார்" என்று அதற்கும் ஒரு பகிடி.

வீட்டில் மாமிக்கு வேறு குழப்பம். மாமி என்றால் என் கணவரின் தாய். புதுச் சில்லுக்குத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைத்து நசிக்கவேண்டும். ஆனால் புதுசு இரண்டுதானே, இரண்டு தேசிக்காய் வைப்பதா நாலு வைப்பதா? கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்துவிட்டு, "முன் சில்லு கோவிக்கும்" என்று நாலுக்கும் வைத்தார்.

நிலாவெளி வடக்கே போன கதை

நிலாவெளியில் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவருடைய மனிசிக்கு நீண்ட நாள் வருத்தம். கிழமைக்கு ஒரு தரம் ரவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவேண்டும். அதற்கு எங்கள் கார்தான். மாஸ்டரம்மா அதிகம் கதைக்கமாட்டார். வரும்போது எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து, கார்க் கண்ணாடி வழியாக நீட்டுவார். நானும் கதைக்காமல் வாங்குவேன். எங்களுக்குள் அப்படி ஒரு சிநேகிதம்.

அந்த நாளில் தூர ஓட்டத்துக்கு மைல் கணக்குத்தான். ஏறும்போது மீற்றரில் என்ன எண், இறங்கும்போது என்ன எண் என்று பார்ப்பார்கள். மாஸ்டர் கணக்குப் படிப்பித்தவர். ஏறும்போது எண்ணை வாய்விட்டு வாசிப்பார், இறங்கும்போதும் வாசிப்பார். அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்போதும் ஒன்பது மைல்.

சில்லு மாற்றின பிறகு அது பத்து ஆகிவிட்டது.

முதல் தரம் மாஸ்டர் தன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாராம். அடுத்த கிழமையும் பத்து. அதற்கடுத்த கிழமை இறங்கும்போது அவர் கேட்டதை, இவர் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"தம்பி, நிலாவெளி கொஞ்சம் வடக்க அரக்கிப் போட்டுதோ எண்டு கேக்கிறார், அம்மா!"

"அதுக்கு நீ என்ன சொன்னனி?" என்றார் மாமி.

"நான் மீற்றரைத் தொடேல்லை மாஸ்டர் எண்டனான். நான் உம்மைச் சொல்லேல்லை, மீற்றரைத்தான் சொன்னனான் எண்டார். சொல்லிப்போட்டுச் சிரிக்கிறார்."

அந்தச் சிரிப்புத்தான் இவரைச் சுட்டது. சில டிரைவர்மார் மீற்றரைத் திருகி ஓடுகிறார்கள் என்று அப்போது ஒரு கதை உலாவியது. அந்தக் கதைக்குள் இவருடைய பெயரும் ஏறிவிட்டது. பழகின ஆட்கள் பக்கத்துக் காரில் ஏறினார்கள். கண்ணுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

நான் கண்டது

இனிச் சொல்வதுதான் என்னைக் குழப்பின இடம்.

அந்த நாட்களில் ஒருநாள் மாஸ்டரை ஏற்றப் போகும் வெறும் காரில் நானும் போனேன். வழியில் சல்லி என்ற ஊரில் எனக்குக் கொஞ்சம் கருவாடு வாங்கவேண்டியிருந்தது. முன் கதிரையில், அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எண் வாசிப்பேன். வேலை இல்லாத கண் மீற்றரில் போய் விழுந்தது. றோட்டோரம் மைல்கல் வரும்போது மீற்றரில் கடைசி எண் எப்படி உருளும் என்று பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. கலியாணம் முடித்த புதிதில் இருந்தே பார்ப்பேன். கல்லும் எண்ணும் ஒன்றாக வரும்.

அன்றைக்குக் கல் வர முன்னமே எண் உருண்டுவிட்டது.

அடுத்த கல்லுக்கு இன்னும் முந்தி. அதற்கடுத்த கல்லுக்கு அதைவிட முந்தி. நாய்க்குட்டி எசமானை விட்டு முன்னுக்கு ஓடுவது போல எண் ஓடிக்கொண்டே இருந்தது. கற்களை யாரோ பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கல்லின் அடியில் பழைய பாசி அப்படியே இருந்தது.

"இஞ்சருங்கோ, மீற்றர் முந்துது" என்றேன்.

அவர் றோட்டையே பார்த்தபடி, "உனக்கேன் அந்தக் கதை? வெளியில பார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. எப்படிச் சொன்னார் என்று இத்தனை வருசமாகக் காதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நான் வெளியில் பார்த்தேன்.

மாமி எழுதிய சத்தியம்

மாமி விடுவதாக இல்லை. "எங்கட பரம்பரையில கள்ளன் இல்லை. அம்மாள் கோயில் வாசலில கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. ஊர் வாய் அடங்கும்" என்று பிடித்த பிடியில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் கற்பூரச் சத்தியத்துக்கு மேல் ஒரு சத்தியம் இல்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது. பொய் சொன்னவனை அது சுடுவதோடு விடாது, பிள்ளைகளில் பிடிக்கும் என்பார்கள்.

எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி முன்னமே எழுதியிருக்கிறேன், திரும்ப எழுதமாட்டேன். இது இரண்டாவது.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக் கிணற்றடியில் மாமி சொல்லிக்கொடுக்க, இவர் தலையில் தண்ணீர் ஊற்றியபடி திருப்பிச் சொன்னது குசினி யன்னலால் கேட்டது.

"மீற்றர் காட்டினது சரி. நான் வாங்கினது சரி. பிசகெண்டால் என்ர மனிசியின்ர வயித்துப் பிள்ளைக்கு ஆகட்டும்."

என் கையில் இருந்த அகப்பை பானைக்குள் விழுந்தது.

இவர் மீற்றரைத் திருகவில்லை. அது எனக்குத் தெரியும். திருகுகிற ஆள் இல்லை. ஆனால் மீற்றர் சரி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும், என் கண்ணால் கண்டேன். அப்படியென்றால் இவர் சொல்லப்போவது மெய்யா, பொய்யா? மெய்யான ஆள் தெரியாமல் பொய் சொன்னால் அம்மாள் எதைப் பார்ப்பா, ஆளையா சொல்லையா? யாரிடம் கேட்பது? மாமியிடம் மெல்லப் போய், "மாமி, மீற்றரைப் பற்றிச் சொல்லாமல்..." என்று தொடங்கினேன்.

"பிள்ளைத்தாச்சி இதுக்குள்ள கதைக்கப்படாது. அங்க வந்து நிக்கவும் படாது. படு போய்" என்றார்.

படுத்தேன். கூரையைப் பார்த்தேன். எழும்பினேன். செருப்பும் போடாமல் பின்வாசலால் போனேன்.

தேர்முட்டிக்குப் பின்னால்

இப்போது தொடங்கின இடத்துக்கு வந்துவிட்டேன்.

மதியப் பூசை முடிந்த நேரம். நிலம் சுடுகிறது. மாஸ்டர் குடையோடு ஒரு பக்கம் நிற்கிறார், அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. டிரைவர்மார் நாலைந்து பேர். ஹனிபா நானாவும் வந்து வெளி மதிலோடு, தொப்பியைச் சரிசெய்தபடி நிற்கிறார். மதில் வாசலுக்கு நேரே வெளியில் எங்கள் கார், அதுவும் குந்தியிருந்து பார்ப்பது போல.

"தம்பி, இது வேண்டாம்" என்றார் மாஸ்டர். "ஒரு மைல் கதைக்கு இவ்வளவு வேண்டாம்."

"வேணும்" என்றார் மாமி. "நீங்கள் சிரிச்சனீங்கள்."

இவர் கையைக் கற்பூரத்துக்கு மேலே கொண்டுபோனார். "மீற்றர் காட்டினது..." என்று தொடங்கினார். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. பிள்ளை உதைத்ததா, நான் நடுங்கினதா, அதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"மீற்றர் பொய் சொல்லுது!"

யாருடைய குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இனி நிறுத்தவும் வழியில்லை.

"மீற்றர்தான் பொய் சொல்லுது. அவர் சொல்லேல்லை. மீற்றருக்காக அவர் சத்தியம் பண்ணத் தேவையில்லை!"

"ஐயோ, இவளுக்கு என்ன வந்தது?" என்று மாமி தலையில் கை வைத்தார். டிரைவர் ஒருவர், "கேட்டீங்களோ, பெண்சாதியே சொல்லுது" என்றார்.  காப்பாற்ற வந்து கவிழ்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாஸ்டர்தான் அசைந்தார். "பிள்ளை, எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"கல் வர முன்னம் எண் வருது."

"எப்ப இருந்து?"

 கையை மட்டும் நீட்டிக் காரின் பின் சில்லைக் காட்டினேன். ஏன் அதைக் காட்டினேன்? தெரிந்து காட்டவில்லை. அதற்கு முன்னம் கல்லும் எண்ணும் ஒன்றாக வந்தது, சில்லு மாற்றின பிறகு வரவில்லை. அவ்வளவுதான்.

மாஸ்டர் மெல்ல நடந்து போய்க் காருக்குப் பக்கத்தில் குந்தினார். குடையை மடித்து முன் சில்லோடு நிறுத்தினார். பிறகு பின் சில்லோடு நிறுத்தினார். அப்படியே நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"சின்னச் சில்லு. அதே தூரத்துக்கு அது கூடின தரம் சுத்தும். மீற்றர் சுத்தைத்தானே எண்ணுது, றோட்டை எண்ணேல்லையே! கிழமைக்குக் கிழமை இதுக்கு மேல இருந்துகொண்டு நானே வந்திருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார். அது வேறு சிரிப்பு.

"அட, நான் குடுத்த சில்லா வேலை செஞ்சிருக்கு!" என்று நானாவும் மதிலோடு சிரித்தார். "டயருக்குள்ள ஒரு மைலையும் சேர்த்து வித்திட்டன் போல!"

மாஸ்டர் எழும்பி இவருடைய முகத்தைப் பார்த்தார். "தம்பி, உமக்குத் தெரியாதோ?"

"எனக்கெங்க மாஸ்டர் தெரியும்" என்றார் இவர்.

கையை அவர் எப்போதோ எடுத்துவிட்டார். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து முடிந்து, படியில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

அரைச் சத்தியம்

வீட்டுக்கு வந்தபிறகு மாமிக்குப் புதுப் பயம். தொடங்கின சத்தியம் முடியவில்லை, அதற்கு என்ன பலன்? கோயில் ஐயரிடம் போய்க் கேட்டார். "அணைக்காமல் எரிஞ்சு முடிஞ்சதெண்டால் அது வெறும் பூசைதான் அம்மா, போங்கோ" என்று அவர் சொல்லியனுப்பினார். மாமி நம்பினார், நம்பாமலும் இருந்தார். பிள்ளை பிறந்தபோது கை, கால், உள்ளங்கை எல்லாம் விரித்து விரித்துப் பார்த்தார். ஒரு பிசகும் இல்லை. நல்ல சத்தமாக அழுகிற பெண்பிள்ளை. "உன்ர வாய்தான்" என்றார் மாமி.

மாஸ்டர் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் பிடிபடவில்லை. வட்டக் கணக்கெல்லாம் பெரிய வகுப்பில் வருமாம், நான் ஐந்தோடு நின்றவள். பெரிய மூடியையும் சின்ன மூடியையும் குசினி நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் உருட்டிப் பார்த்தேன். சின்னது அம்மிக்குக் கீழே போய் விழுந்தது. சரி, சில்லு பின்னால் சுற்றுகிறது, அது முன்னால் இருக்கிற மீற்றருக்கு எப்படித் தெரியும் என்று நானாவிடம் கேட்டேன். "கீழால ஒரு கம்பி போகுது தங்கச்சி" என்றார். குனிந்து பார்த்தேன். சேறும் எண்ணெயும்தான் தெரிந்தது.

இவர் மீற்றருக்கு மேல் கறுத்த பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு இடத்துக்கு இவ்வளவு என்றுதான் ஓட்டம். மாஸ்டரும் பழையபடி ஏறினார், ஆட்களும் திரும்பி வந்தார்கள்.

நான் எப்போதாவது முன் கதிரையில் இருந்தால் அந்தப் பிளாஸ்டரைத்தான் பார்ப்பேன். அதற்குக் கீழே எண் முந்திக்கொண்டு ஓடுகிறது என்று நினைப்பேன். எனக்குள் ஒரு கேள்வியும் அப்படியே ஓடியது. எத்தனையோ வருசம் கார் ஓட்டின மனிசன், தன் கையால் அராவிப் பூட்டின சில்லு. அவருக்குத் தெரியாமலா இருந்தது? கோயிலில் நான் கத்தின பிறகு கையை எடுத்தாரா, கத்த முன்னமே எடுக்கத் தொடங்கிவிட்டாரா? அந்த ஒரு கணத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன்.

கல்லும் எண்ணும்

பிறகு வெளிநாட்டுச் சாமான் கடைகளுக்கு வரத் தொடங்கிய காலம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்த பெரிய சில்லுகளுக்கு இவர் புது டயர் போட்டார். கார் குந்தினது போதும் என்று எழும்பி நின்றது.

அந்தக் கிழமை மாஸ்டரம்மாவின் திவசத்துக்கு நிலாவெளி போனோம். நான் முன்னால், மகள் பின்னால். உப்புவெளி தாண்டின பிறகு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மற்றக் கையால் இவர் பிளாஸ்டரை உரித்தார். காய்ந்துபோன பசை நூல்போல இழுபட்டது.

மைல்கல் வந்தது. எண், கல்லுக்கு நேரே, மெல்ல உருண்டது.

"இப்ப சரியாக் காட்டுது" என்றார். நான் கேட்கவில்லை.

சொல்லிவிட்டு அவர் மீற்றரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அப்ப முன்னமே தெரியுமோ என்று கேட்க வாயெடுத்தேன். நான் வெளியில் பார்த்தேன்.

"ஏனப்பா சிரிக்கிறீங்கள்?" என்று பின்னால் இருந்து மகள் கேட்டாள்.

சிரித்தாரா? நான் பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காணவில்லை.